நனைக்காமல் போன அடுப்பு

மதினி,

இன்று காலை கொட்டகையைப் பெருக்கும்போது துடைப்பத்தோடு ஒரு திரித்துண்டு வந்தது. விரல் நீளம்தான் இருக்கும். கறுப்பு மருந்து பூசிக் காய்ந்து விறைத்திருந்தது. பட்டாசுக்கு வைக்கிற திரி. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கையில் எடுத்ததும் என் மூக்குக்கு முதலில் வந்தது மருந்து வாடை இல்லை. பழைய அடுப்புகளின் மேல் நீங்கள் போர்த்தி வைப்பீர்களே ஈரச்சாக்கு, அந்த வாடை. சாக்கு இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. நீங்கள் போன பிறகு அதை நான் நனைத்தது குறைவு.

திரி கிடந்த இடத்தில்தான் நேற்று வரை ஆமத்தூர் அடுப்பு நின்றது. நேற்றுச் சாயங்காலம் அதை லோடு வண்டியில் ஏற்றித் திருத்தங்கலுக்கு அனுப்பியிருந்தேன். வாங்கியவள் பெயர் மாரீஸ்வரி. வீட்டிலேயே கேக்கும் ரஸ்க்கும் சுட்டு டீக்கடைகளுக்குப் போடப்போகிறாள். "நாளைக்குப் பத்தரைக்கு மேல நல்ல நேரம்க்கா. பால் காச்சப் போறோம். நீங்களும் வந்திருங்க" என்று கூப்பிட்டாள். முட்டி வலி, வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் துண்டு அடுப்புக்குள்ளிருந்து விழுந்ததா, இல்லை ரோட்டிலிருந்து என் செருப்போடு வந்ததா? நம் ஊர்ப்பக்கம் திரித்துண்டு எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். பஸ் சீட்டில் கிடக்கும். கம்பெனி வேலைக்குப் போய்வருகிற பெண்களின் சேலை மடிப்பில் கிடக்கும். பதறத் தேவையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே மாரீஸ்வரிக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. அவள் புருஷனுக்குப் போட்டேன். அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். உள்ளே போகும்போது போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வேன் ஏறும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அது தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு நைட்டியை மாற்றி ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

பஸ் நிறைந்திருந்தது. பட்டாசு சீசன் நேரம், முன்னால் ஒரு கம்பெனி வேன் ஆடி அசைந்து போக, எங்கள் டிரைவர் அதன் பின்னாலேயே போனார். இறங்கி நடந்தால் முந்திவிடலாம் போல இருந்தது. முந்தானைக்குள் அந்தத் திரித்துண்டை முடிந்துவைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். நான் வாய்விட்டு உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

முதல் அடுப்பு வந்த நாள் நினைவிருக்கிறதா? மிஷன் காம்பவுண்டில் பழைய பங்களாவை இடித்தார்கள். வெள்ளைக்காரர்கள் ரொட்டி சுடுவதற்காக வைத்திருந்த விறகடுப்பு அது. இரும்புச் சட்டம், சுற்றிலும் பச்சைப் பீங்கான் டைல்ஸ், நடுவில் கேக் சுட ஒரு பெட்டி. பழைய இரும்புக் கடைக்காரர் டைல்ஸை உடைத்து இரும்பை மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மட்டியோடு நின்றார். அப்பாவின் டைல்ஸ் கடையில் வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வாசலில் இறக்கியபோது நீங்கள் வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஏ எஸ்தரு, என்ன இது, ஆரு கல்லறையப் பேத்துட்டு வந்திருக்க?" என்றீர்கள். அண்ணன் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதில் சுட்ட கேக்கைத் தின்ற பிறகு யாரும் கல்லறை என்று சொல்லவில்லை. ஒன்று இரண்டானது. வியாபாரிகளின் பழைய வீடுகளில், கைவிட்ட பங்களாக்களில், எங்கே பீங்கான் அடுப்பு கிடந்தாலும் எனக்கு ஆள் வந்து சொல்லும். உடைந்த டைல்ஸுக்கு ஜோடி தேடுவதும், களிமண்ணில் சலித்த சாம்பலைக் குழைத்து ஒட்டுவதும் என் வேலை. தீக்காய வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு நாத்தனாரோடு சேர்ந்து அடுப்புத் தொழில் எதற்கு என்று அண்ணன் உங்களைக் கேட்டார். "இவ தனியா பாத்தா ஊரக் கொளுத்திருவா. காவலுக்குப் போறேன்" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டேன். ஆனால் மறுநாளும் நீங்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்களுக்கு நெருப்பென்றால் பயம். அதை ஒளித்ததுமில்லை. வீட்டில் சாம்பிராணி போட்டால் கூட, தணல் அணையும் வரை பக்கத்தில் நிற்பீர்கள். எந்த அடுப்பு வந்தாலும், அதைப் பிரிப்பதற்கு முன்னால் புகைபோக்கி ஓட்டை வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்தி, ஒரு ராத்திரி ஊறவிட்டுத்தான் என்னைத் தொட விடுவீர்கள். உலகத்தில் எவனாவது அடுப்பை நனைத்துப் பிரிப்பானா? களிமண் கரையும், நல்ல டைல்ஸும் சேர்ந்து கழன்று வரும், எனக்கு வேலை இரட்டிப்பாகும். "இரும்பு துருப்பிடிக்கும் மதினி" என்று நான் கத்துவேன்.

"துருப்பிடிச்சாச் சொரண்டிக்கிடலாம். தோலு போனா என்ன செய்வ?" என்பீர்கள். நான் குடத்தை நிரப்பப் போய்விடுவேன்.

உங்கள் பயம் சும்மா வந்த பயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். கேஸ் வந்த பிறகு இந்த அடுப்புகளெல்லாம் அலமாரிகளாகிவிட்டன. ஒரு வீட்டில் கேக் பெட்டிக்குள் சீட்டுக்கட்டு இருந்தது. இன்னொரு வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள். கம்பெனித் திரியை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டிக்கொடுத்த காலத்தில், மழையும் பிள்ளைகளும் எட்டாத இடமென்று திரிக்கட்டை அடுப்புக்குள் எடுத்து வைத்தவர்களும் உண்டு. பயன்படாத அடுப்புதானே, யார் பற்றவைக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. வைத்தவர்கள் செத்துப்போவார்கள், வீடு கைமாறும், அடுப்பு நம்மிடம் வரும்.

ஊறிய அடுப்பைப் பிரித்த பிறகு கடைசியாக உங்கள் கை. கேக் பெட்டியைச் சுற்றிக்கொண்டு புகை போகிற சந்து இருக்கிறதே, அதில் என் கை முழங்கைக்கு மேல் போகாது. உங்களுக்கு ஒல்லியான, நீளமான கை. வாட்சைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, தோள்பட்டை வரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொள்வீர்கள். அந்த நேரம் நான் மூச்சு விட்டால் கூட அதட்டுவீர்கள். இத்தனை அடுப்பிலும் அந்தக் கை என்ன எடுத்தது? ஒரு கரண்டி. ஒரு செத்த பல்லி. குளவிக் கூடு. யாரோ தொலைத்த கம்மலின் திருகாணி. "நீங்க இம்புட்டுப் பயப்படுறீக, ஒரு அடுப்பாவது உங்க பயத்துக்கு மரியாதை செஞ்சிருக்கா?" என்று கேலி செய்வேன். நீங்கள் கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள்.

அடுப்பைக் கொடுக்கும்போது நீங்கள் போடும் விசாரணை வேறு. பெண் கொடுப்பவள் கூட மாப்பிள்ளை வீட்டை அப்படித் துருவமாட்டாள். வீட்டில் யாருக்கு என்ன வேலை, கம்பெனித் துணியை எங்கே கழற்றிப் போடுகிறார்கள், குளித்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் வருவார்களா? ஒரு பெரிய மனிதர் காரில் வந்து, கேட்ட விலையை விட அதிகம் தருகிறேன் என்றார். நாம் போய் வீட்டைப் பார்த்தோம். அடுக்களைக்கு அடுத்த அறையில் தீபாவளிப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. "அண்ணாச்சி, தீவாளி கழிச்சு ரூமு காலியானதும் சொல்லி விடுங்க, தாரோம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். அவர் அதன் பிறகு நம்மிடம் பேசவே இல்லை. நான் ஒரு வாரம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பஸ் ஆமத்தூரில் நின்றது. அந்த ஊரில் எடுத்த அடுப்புதான். வீட்டுக்காரர் நல்ல மனிதர். "கேஸ் வந்ததுக்கப்புறம் இத ஒரு பய தொட்டதில்லம்மா" என்று அடித்துச் சொன்னார். நான் நம்பினேன். நீங்கள் இருந்திருந்தால், ஆள் தொடாத அடுப்பில் எலி கூடவா தொடாமல் இருந்திருக்கும் என்று கேட்டிருப்பீர்கள். பின்பக்கம் முழுக்க நீலப்பூ போட்ட டைல்ஸ், ஒன்றில் கூட விரிசல் இல்லை. நனைத்தால் கழன்றுவிடும், அந்த மாதிரி இனி எங்கே கிடைக்கும் என்று முன்பக்கத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்தேன். சந்துக்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கம்பியில் துணியைச் சுற்றி விட்டு இழுத்தேன். கரிதான் வந்தது. கம்பி ஒரு வளைவில் போய் முட்டிக்கொண்டது. அங்கே பெட்டியின் மூலைதான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

கம்பி முட்டிய அந்த இடம் ஆமத்தூரிலிருந்து திருத்தங்கல் வரை என்னை விடவில்லை. மெத்தென்று முட்டியதா, கெட்டியாக முட்டியதா என்று விரல்களால் நினைத்துப் பார்த்தேன். ஒருமுறை நினைத்தால் இரும்பு போலிருந்தது. இன்னொரு முறை நினைத்தால் துணி போலிருந்தது. மாரீஸ்வரிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நேற்று அடுப்பை இறக்கியபோது இரண்டும் ஓடிவந்து, டைல்ஸ் குளிர்ச்சியாக இருக்கிறதென்று கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டதாக லோடுமேன் வந்து சொன்னார். பால் பொங்குவதைப் பார்க்கப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பார்கள்? அடுப்புக்கு முன்னால்தான்.

ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வாசலில் பெரிய கோலம். நிலையில் மாவிலை. உள்ளே அடுப்புக்குப் பொட்டு வைத்து, பால் பானைக் கழுத்தில் மஞ்சள் கட்டி, விறகு அடுக்கி, மேலே சூடமும் வைத்தாகிவிட்டது. நான் பயந்த மாதிரியே இரண்டு பிள்ளைகளும் சம்மணம் போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாரீஸ்வரி தலைக்குக் குளித்துத் துண்டு கட்டிக்கொண்டு நின்றாள். அவள் மாமியார் கையில் தீப்பெட்டி.

"குச்சியக் கீழ போடுங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

மாமியார் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா இது, நல்ல காரியத்துல வந்து நின்னு இப்பிடிக் கத்துறீக?"

முந்தானையை அவிழ்த்துத் திரித்துண்டை மாரீஸ்வரியிடம் நீட்டினேன். போன வருஷம் வரை பட்டாசு வேலைக்குப் போனவள் அவள். அதை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தாள். அப்புறம் மாமியார் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி, நேரே வாசலுக்குப் போய்த் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் வைத்துவிட்டு வந்தாள். வந்த கையோடு பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"எங்கன கெடந்துச்சுக்கா?"

"அடுப்பு நின்ன எடத்துல."

"அடுப்புக்குள்ளருந்து விழுந்ததா?"

"தெரியல தாயி. சந்துக்குள்ள கை விட்டுப் பாக்கணும். எனக்குக் கை போகாது. தண்ணி ஊத்தி நனைக்கணும்."

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? "இன்னும் தீயே வைக்கல, அதுக்குள்ள அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்றீகளா? வெளங்குமா இந்தத் தொழிலு? தெரியலன்னு நீங்களே சொல்றீக. தெரியாததுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"அத்தை, செத்த சும்மா இருங்க" என்றாள் மாரீஸ்வரி. கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். நல்ல நாளில் வளையலைக் கழற்றுகிறாளே என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். விறகையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, புகைபோக்கித் தகட்டைக் கழற்றி, நான் ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றினேன். மாரீஸ்வரி கையை விட்டாள். உங்களைப் போலவே தோள்பட்டை வரை போயிற்று. ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் நீலப்பூக்களைப் பார்த்தேன்.

"மெத்துன்னு என்னமோ இருக்குக்கா" என்றாள்.

மெதுவாக, மெதுவாக என்றேன். கை வெளியே வந்தபோது ஒரு பந்து வந்தது. எலிக்கூடு. சாக்கு நார், பஞ்சு, பட்டாசுக்குச் சுற்றுகிற கலர்க் காகிதம் பொடிப்பொடியாக, அதோடு சின்னச் சின்ன நூல்கள். எல்லாம் கரியேறிக் கறுப்பாக இருந்தது. நூல்களில் சிலது விறைத்திருந்தது. திரியாக இருந்தாலும் அப்படித்தான் விறைக்கும். வெறும் நூலில் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறினாலும் அப்படித்தான் விறைக்கும். மாரீஸ்வரி முகர்ந்து பார்த்தாள். கரி வாடைதான் வருகிறது என்றாள். வாளித் தண்ணீரில் போட்டோம். தண்ணீர் கறுத்தது. மருந்து கரைந்தாலும் கறுக்கும், கரி கரைந்தாலும் கறுக்கும். அவள் மறுபடி மறுபடி கையை விட்டு மிச்சத்தையும் வழித்துப் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். காயவைத்து ஒரு நூலைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் மூன்று பேரில் யாரும் அதைச் சொல்லவில்லை. மாரீஸ்வரி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மூடிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு குடம் குடமாக ஊற்றினோம். நீலப்பூ டைல்ஸில் நான்கைந்து கழன்று வந்தன. வரட்டும். நல்ல நேரம் முடிவதற்குள் கேஸ் அடுப்பில் பாலைக் காய்ச்சி, பொங்கின பானையைக் கொண்டுவந்து பீங்கான் அடுப்பின் தலையில் வைத்தார்கள். மாமியார் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கேஸை அணைத்தாயிற்றா என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு நீங்க எதுக்கும்மா இந்தத் தொழிலுக்கு வந்தீக?" என்று கேட்டார். நான் பாலைக் குடித்தேன். எனக்கு இந்தப் பயம் ஏது என்று அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? நான் பயமில்லாமல் வந்தவள். பயப்பட நீங்கள் இருந்தீர்கள், அதனால் எனக்கு அது தேவைப்படவில்லை.

நெருப்புக்கு அவ்வளவு பயந்த உங்களை, போன மழைக்காலத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, இனி யாரும் நனை நனை என்று உயிரை வாங்கமாட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் அழுதேன். இன்று திருத்தங்கலில் உட்கார்ந்திருந்தபோது அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க உங்கள் பயம்தான் இருந்தது. அதோடுதான் வீட்டுக்கு வந்தேன். சாக்கை நனைத்துப் பிழிந்து, கொட்டகையில் காத்திருக்கும் அடுத்த அடுப்பின் மேல் போர்த்திவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் மதினி. வார்டுக்கு வந்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள். ஒவ்வொரு முகமும் நினைவிருக்கிறது என்பீர்கள். உங்களால் அந்த வார்டுக்கு வராமலே தப்பியவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை, யாரும் உங்களிடம் வந்து சொல்லியிருக்கவும் முடியாது. அது தெரியாமல் எப்படி அத்தனை வருஷமும் கையை உள்ளே விட்டீர்கள்? நான் கிளம்பும்போது அந்தப் பெண்பிள்ளைகள் இரண்டும் கோலத்தின் மேலேயே பாண்டி ஆடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு என்மேல் கோபம், பால் பொங்குவதைப் பார்க்க விடாமல் தெருவுக்கு விரட்டிவிட்டேனாம். பெரியவள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும் என்று அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஆட்டோ வரும் வரை.

உங்கள்
எஸ்தர்